ஒரு துண்டு அப்பம் இறங்கும் வரை

பூசை முடிந்து வெளியே வந்தால் பலபேர் என்னை நிறுத்தி, "எப்படி இருந்துச்சு, என்னா செஞ்சாங்க, எப்படித் தேறுனீங்க" என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் நின்று பதில் சொல்ல என் இடது கால் ஒத்துழைப்பதில்லை. பேச்சும் கொஞ்சம் குழறும். அதனால் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். டாக்டர்கள் எனக்குச் சொன்னதையும் நான் படுத்துக்கொண்டே பார்த்ததையும்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரிகளின் பெயர் போடவில்லை. எல்லா இடத்திலும் என்னைப் பிழைக்க வைக்கத்தான் பார்த்தார்கள்.

நாங்கள் இருப்பது தாப்பா பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டம். கம்பெனி அதைத் துண்டு போட்டு விற்றுப் பாதிக்கு மேல் எண்ணெய் எடுக்கும் செம்பனை ஆகிவிட்டது. லயத்து வரிசை வீடுகளில் மிச்சமிருக்கும் சில குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்போது எனக்குப் பலகை ஆலையில் ஜாகா வேலை, அதாவது காவல். தோட்டத்துச் சிறிய மாதா கோயிலுக்கு மாதம் ஒருமுறை ஃபாதர் வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் சொல்லிக் கொடுப்பது நான். நன்மை வாங்குவது, அதாவது பூசையில் அப்பம் வாங்குவது, மாதம் ஒருமுறைதான் என்பதால் அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் தவறவிட்டதில்லை.

எண்பதுகளின் ஆரம்பத்தில் ஒருநாள் காலையில் வேலை முடிந்து வந்து பைப்படியில் பல் விளக்கினேன். வாய் கொப்பளித்த தண்ணீர் இடது கடைவாய் வழியாக மார்பில் ஒழுகியது. எனக்கு அது தெரியவில்லை. என் மனைவி ஞானம்தான், "என்னாங்க, சட்டையெல்லாம் நனையுது, சின்னப் பிள்ளையாட்டம்" என்றாள். நான் பதில் சொன்னேன். சொன்னதாக நினைத்தேன். அவள் முகம் மாறியதைப் பார்த்துத்தான் என் வாயிலிருந்து வந்தது பேச்சு இல்லை என்று புரிந்தது. பிறகு இடது கால் மடிந்தது.

லயத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். "காத்து அடிச்சிருச்சு" என்று ஒருவர் தைலம் தேய்த்தார். பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "அங்ஙின் அமார்" என்றார். அதுவும் காற்றுதான், சிவப்புக் காற்று. முன்பு எங்கள் தோட்டத்துக்கு என்று மருந்து கொடுக்க ஒரு டிரசர் இருந்தார், சிறிய மருந்தகமும் இருந்தது. தோட்டம் கைமாறியதோடு அதுவும் போய்விட்டது. கடைசியில் ஆலை முதலாளி தௌகேயின் வேனில் போட்டு மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

அங்கே இருந்தவர் டாக்டர் லிம். வயது குறைவு. கண்ணில் டார்ச் அடித்தார், கையைத் தூக்கச் சொன்னார், உள்ளங்காலில் சாவியால் கீறினார். வலது பக்கம் சொன்னபடி கேட்டது. இடது பக்கம் யாரோ வேறு ஒருவருடையதைப் போலக் கிடந்தது. மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் ஒன்று அடைபட்டிருக்க வேண்டும் என்றார். ரப்பர் மரத்தில் வெட்டுக் கோட்டில் காய்ந்த பால் அடைத்துக்கொண்டால் கீழே கட்டிய மங்கில் பால் இறங்காதல்லவா, நான் அப்படிப் புரிந்துகொண்டேன். அடைப்பா அல்லது குழாய் வெடித்த இரத்தமா என்று தலைக்குள் படம் பிடித்துப் பார்க்கும் இயந்திரம் அப்போது எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்து, அதில் இரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். கலக்கவில்லை. ஞானம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. எனக்குப் பேச்சு குழறியதே தவிர, காதும் புத்தியும் சரியாகவே இருந்தன.

இனி நான் சொல்லப்போவது முழுக்க விழுங்குவதைப் பற்றியது. கை கால் வராததை எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள். விழுங்க வராததை யாரும் பார்ப்பதில்லை. தொண்டையில் இரண்டு வழி இருக்கிறது, ஒன்று வயிற்றுக்கு, ஒன்று நுரையீரலுக்கு. நாம் விழுங்கும்போது நுரையீரல் வழியை ஒரு மூடி தானாக அடைத்துக்கொள்ளும். பக்கவாதம் வந்த பலருக்கு அந்த மூடி நேரத்துக்கு விழாது. தண்ணீர் நுரையீரலுக்குள் போகும். போனால் நிமோனியா, அதாவது நுரையீரல் காய்ச்சல். வாதத்தில் தப்பித்தவர்கள் பலர் அதில்தான் போகிறார்கள் என்று டாக்டர் லிம் சொன்னார். மூக்கு வழியாக வயிறு வரை ஒரு மெல்லிய குழாய் விட்டார்கள். தலைமாட்டில் மலாயிலும் இங்கிலீஷிலும் ஓர் அட்டை தொங்கியது: சாப்பாடு, தண்ணீர் கொடுக்கக்கூடாது.

அந்த அட்டைக்குக் காவலாக வந்து நின்றவர் என் பெரியக்கா அந்தோணியம்மா. அம்மா சின்ன வயதில் இறந்த பிறகு என்னை வளர்த்தவர் அவர். அக்காவுக்கு மலாய் படிக்க வராது. ஒரு மிஸ்ஸியிடம், எங்கள் பக்கம் நர்சை அப்படித்தான் சொல்வோம், கேட்டுத் தெரிந்துகொண்டு அட்டையை அப்படியே மனப்பாடம் செய்துவிட்டார். ஆலையில் என்னோடு வேலை செய்யும் மணியம் ஒரு ஃபிளாஸ்க் நிறைய மைலோ கொண்டு வந்தான்.

"அண்ணே, ஒரு வாய் குடிங்க. தெம்பா இருக்கும்லா."

"மணியம், அந்த அட்டை கண்ணுல படலயா?" என்றார் அக்கா.

"ஒரு வாய்தான அக்கா?"

"அர வாயும் கெடயாது. ஆசையா இருந்தா நீயே குடி."

மணியம் என் பக்கம் குனிந்து, "அண்ணே, நம்ப பலகை ஆலைக்கு ஜாகா நீங்க இல்ல, அக்காவத்தான் போட்டிருக்கணும்" என்றான். உண்மையிலேயே உட்கார்ந்து முழு மைலோவையும் குடித்துவிட்டுத்தான் போனான். வார்டு முழுக்க மைலோ வாசனை. எனக்கு மூக்கில் குழாய் இருந்தாலும் வாசனை தெரிந்தது.

ஞானம் கூட ஒருநாள் என் உதடு காய்ந்திருப்பதைப் பார்த்து ஸ்பூனில் கோப்பி எடுத்தாள். "வேணாம் ஞானம், டாக்டர் சொன்னா சொன்னதுதான்" என்று அக்கா கையைப் பிடித்துவிட்டார். அவ்வளவு கண்டிப்பு.

அப்படிப்பட்ட அக்காதான் தினமும் சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் பையிலிருந்து ஒரு சிறிய பாட்டிலை எடுத்து, ஒரு ஸ்பூன் தீர்த்தத்தை என் வாயில் ஊற்றினார். ஃபாதர் மந்திரித்துக் கொடுத்த தண்ணீர். எங்கள் வீட்டில் யாருக்கு எந்த நோய் வந்தாலும் முதல் மருந்து அதுதான். நானும் வாயைத் திறந்துதான் வாங்கினேன். எனக்கு இருமல் வரவில்லை, புரையேறவில்லை. அக்கா அதைப் பார்த்து, "மாதாவே, ஒரு சொட்டுக்கூட தெறிக்காம எறங்குது பாரு" என்று சிலுவை போட்டுக்கொண்டார். இருமல் வராததுதான் ஆபத்து என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. தொண்டை மரத்துப் போனவனுக்குத் தண்ணீர் தப்பான வழியில் போவது கூடத் தெரியாது.

காய்ச்சல் வந்தது. முதலில் சாயங்காலம் மட்டும், பிறகு பகலிலும். மூச்சு விடும்போது நெஞ்சில் சட்டி கொதிக்கும் சத்தம். டாக்டர் லிம் மீண்டும் மீண்டும் கேட்டார், "வாய் வழியாக ஏதாவது கொடுத்தீர்களா?" அக்கா கையை மார்பில் வைத்து, "ஒண்ணும் கொடுக்கல டாக்டர், மாதா மேல சத்தியமா" என்றார். அக்கா பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது உண்மை.

என்னை ஈப்போவுக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். ஆம்புலன்சில் படுத்துக்கொண்டு போனதால் கம்பார், கோப்பெங் என்று ஊர்கள் எதையும் பார்க்கவில்லை. கண்ணாடியில் சுண்ணாம்பு மலைகளின் உச்சி மட்டும் வந்து வந்து போனது. ஞானம் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டே வந்தாள். எந்தப் பாதம் என்று அவள் பார்க்கவில்லை. அது இடது பாதம், எனக்கு அவள் பிடித்திருப்பது தெரியவில்லை, கண்ணால்தான் தெரிந்துகொண்டேன்.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பாகம் வெள்ளையாக இருந்தது. நிமோனியா. கையில் ஊசி மருந்து, மூக்கில் ஆக்சிஜன். சில நாட்கள் எனக்கு ஞாபகமே இல்லை. ஃபாதர் வந்து நோயில் பூசுதல் கொடுத்தார் என்று பிறகு ஞானம் சொன்னாள். நெற்றியில் எண்ணெயின் குளிர்ச்சி மட்டும் ஞாபகம் இருக்கிறது.

காய்ச்சல் இறங்கிய பிறகு சிஸ்டர் ஆக்னெஸ் என் படுக்கைக்கு வந்தார். அவர் அந்த ஆஸ்பத்திரி ஆள் இல்லை. ஊருக்குள் இருக்கும் மிஷன் ஆஸ்பத்திரியில் கன்னியாஸ்திரி, உடற்பயிற்சி வைத்தியம் படித்தவர். வெளிநாட்டில் விழுங்கும் பயிற்சியும் கற்று வந்திருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் அப்படி ஒருவர் இல்லாததால் அங்கிருந்த பெரிய டாக்டர் கேட்டுக்கொண்டு, அவர் வாரத்தில் சில நாள் வந்து வாத நோயாளிகளைப் பார்க்க ஏற்பாடு செய்திருந்தார்கள். சிஸ்டர் சீனர். பினாங்கில் தமிழ்ப் பிள்ளைகள் விடுதியில் பல வருடம் இருந்தவர் என்பதால் தமிழ் பேசுவார்.

அவர் என் தொண்டையில் இரண்டு விரல் வைத்து எச்சிலை விழுங்கச் சொன்னார். பிறகு "ஆ" என்று சொல்லச் சொன்னார். என் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதைப் போல வந்தது. "இன்னும் இல்ல" என்று தலையை ஆட்டினார். அந்த நேரம் சாயங்காலம் ஆகியிருந்தது. அக்கா ஜெபம் தொடங்கினார். சிஸ்டரும் நின்று கூடவே சொன்னார். முடிந்ததும் அக்கா வழக்கம்போலப் பையைத் திறந்து பாட்டிலையும் ஸ்பூனையும் எடுத்தார்.

"அது என்னம்மா?" என்றார் சிஸ்டர்.

"தீர்த்தம் சிஸ்டர். நம்ப ஃபாதர் கொடுத்தது."

"எங்க வைப்பீங்க? நெத்தியிலயா?"

"வாயிலதான். ஒரே ஒரு ஸ்பூன்."

"தினமுமா?"

"அங்க இருந்தப்ப தினமும். காய்ச்சல் வந்தப்பறம் இங்க உள்ள விடல. இன்னைக்குத்தான்…"

சிஸ்டர் பாட்டிலைப் பிடுங்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அம்மா, தண்ணி கொடுக்கக்கூடாதுன்னு சொன்னாங்கல்ல?"

"தண்ணி நான் கொடுக்கவே இல்லையே சிஸ்டர்! ஒரு சொட்டு கோப்பிகூட கொடுக்க விடல. கேட்டுப் பாருங்க எங்க ஞானத்த. இது தண்ணி இல்ல, தீர்த்தம்."

"நமக்கு அது தீர்த்தம். அவரு தொண்டைக்கு அது தெரியாதும்மா" என்றார் சிஸ்டர், மெதுவாக.

அக்கா கொஞ்ச நேரம் பாட்டிலையே பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு எக்ஸ்ரே தொங்கிய இடத்தைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. அழவில்லை. பாட்டிலை மூடி ஞானத்தின் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அன்றிலிருந்து அக்கா என் படுக்கைக்குக் கிட்டே வரமாட்டார். வார்டு கதவுக்கு அருகில் நிற்பார், ஏதாவது எடுத்துக் கொடுப்பதென்றால் ஞானத்திடம் கொடுப்பார். ஈப்போ கோயிலில் ஞாயிறு பூசைக்குப் போனவர் நன்மை வாங்காமல் திரும்பினார். ஞானம் வந்து சொன்னாள். என்னைப் பார்க்க வந்த எங்கள் ஃபாதர் அவரைக் கூப்பிட்டுப் பேசினாராம். தெரியாமல் செய்தது பாவம் ஆகாது, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றாராம். அதற்கு அக்கா சொன்ன பதிலை ஞானம் அக்காவின் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்: "பாவம் இல்லேன்னா சந்தோசம் சாமி. ஆனா தம்பி முழுங்குற வரைக்கும் நான் முழுங்க மாட்டேன்."

எனக்கு அது பெரிய பாரமாகிவிட்டது. நான் விழுங்காவிட்டால் என் ஒருவனோடு போகாது. அதுவும் சீக்கிரம் நடக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. பெரிய டாக்டர் ஞானத்தைக் கூப்பிட்டு, "வீட்டுக்கே குழாயோடு போக வேண்டியிருக்கலாம், பழகிக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருந்தார். அவள் பழகிக்கொண்டாள். குழாயில் பால் ஊற்றும்போது என்னைத் தனியாக விட மனமில்லாமல், "இன்னைக்கு கருவாட்டுக் கொழம்புங்க, கத்திரிக்காய் போட்டிருக்கேன். உப்பு கொஞ்சம் தூக்கல், கோச்சுக்காதீங்க" என்பாள். இருவரும் சிரிப்போம். பக்கத்துப் படுக்கைச் சீனக் கிழவர் என்ன சிரிப்பு என்று கேட்பார். நாங்கள் சொல்ல மாட்டோம்.

இந்த இடத்தில்தான் ஆஸ்பத்திரிகளுக்குள் நடந்த காரியத்தைச் சொல்ல வேண்டும். சிஸ்டர் ஆக்னெஸ் என் விஷயத்தைப் பெரிய டாக்டரிடம் சொன்னார். பெரிய டாக்டர் டாக்டர் லிம்முக்கு டெலிபோன் செய்தார். அதுவரை ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன் வழியில் வைத்தியம் செய்துகொண்டிருந்தது. ஓர் இடத்தில் கஞ்சி கொடு என்பார்கள், இன்னோர் இடத்தில் கொடுக்காதே என்பார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் கற்றுக்கொடுத்த பயிற்சி நோயாளி ஊர் திரும்பியதும் நின்றுவிடும். அங்கே அதைத் தெரிந்தவர் இல்லை. எல்லோரும் கூடி ஒரே முறையாக்கலாம் என்று பேசி, ஈப்போவில் ஒரு கூட்டம் வைத்தார்கள். மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டர்கள், மிஸ்ஸிகள், மிச்சமிருந்த தோட்டங்களின் டிரசர்கள் வந்தார்கள். சிஸ்டர் என்னைச் சக்கர நாற்காலியில் அங்கே தள்ளிக்கொண்டு போக அனுமதி கேட்டார். நான் தலையாட்டினேன். அக்காவையும் வரச் சொன்னார். அக்கா வரமாட்டேன் என்றார்.

"உங்கள குத்தம் சொல்லக் கூப்பிடல அம்மா. நீங்க சொன்னா இன்னொரு வீட்டுல நடக்காது."

அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார்.

அந்த அறையில் சிஸ்டர் என் தொண்டையில் விரல் வைத்து எப்படிப் பார்ப்பது என்று காட்டினார். ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பார்த்தார்கள். என் தொண்டையை அத்தனை பேர் பிடித்துப் பார்த்தது அன்றுதான். சோதனைக்காக ஒரே ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, "ஆ" சொல்லச் சொன்னார். குரல் மறுபடியும் நனைந்து வந்தது. "இவருக்கு இன்னும் கொடுக்கக்கூடாது. இருமல் இல்லைன்னு நம்பக்கூடாது" என்றார். எல்லோருக்கும் முன்னால் தோற்றது எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு அக்காவிடம் கேட்டார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஒரு தமிழ் டிரசர் எழுந்து மலாயில் மொழிபெயர்த்தார். அவர் முடித்ததும் முதலில் பேசியவர் எங்கள் மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த மிஸ்ஸி ரொகையா. "எங்க வீட்டுல யாசின் ஓதின தண்ணி கொடுப்பாங்க. எங்க அம்மாவ யாரு தடுக்கறது?" என்றார். டாக்டர் லிம் சிரித்துக்கொண்டு, சீனக் கோயில் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துத் தருவது தன் வீட்டு வழக்கம் என்றார். தமிழ் டிரசர், "தீர்த்தம் மட்டுமா, திருநீறும் நாக்குல வைப்பாங்க" என்றார். அறையே சிரித்தது. அக்கா முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி இவர்களைப் பார்த்தார்.

சாப்பாடு, தண்ணீர் என்று அட்டையில் எழுதினால் போதாது என்று அன்று முடிவானது. எந்த ஆஸ்பத்திரியானாலும், வாதம் என்று தெரிந்ததும் குடும்பத்தை உட்கார வைத்து அவரவர் பாஷையில் சொல்ல வேண்டும்: சாமி தண்ணியை நெற்றியில் வையுங்கள், உதட்டில் தடவுங்கள், தொண்டைக்குள் மட்டும் எதுவும் வேண்டாம். வாய் கோணியவரை டிரசர் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் உடனே டெலிபோன் செய்ய வேண்டும். சிறிய ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மிஸ்ஸி ஈப்போ வந்து சிஸ்டரிடம் பயிற்சி கற்றுப் போக வேண்டும். எங்கள் பக்கத்துக்காக ரொகையா மிஸ்ஸி ஈப்போவிலேயே தங்கிக் கற்றுக்கொண்டார். அவர் பாகான் செராயில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். "எனக்குத் தமிழ்ல எண்ணத் தெரியும், திட்டத் தெரியும், அவ்ளோதான்" என்பார். அதற்கு மேலேயே தெரியும்.

பயிற்சி ஒன்றும் அதிசயம் இல்லை. ஐசில் வைத்த ஸ்பூனைத் தொண்டையின் மேல் பக்கத்தில் தொடுவார்கள், உணர்ச்சி திரும்புவதற்கு. தாடையை மார்போடு ஒட்டவைத்து, தலையை இடது பக்கம் திருப்பி, ஒரே வாயை இரண்டு தடவை விழுங்க வேண்டும். தண்ணீர்தான் கடைசியாக வரும். கெட்டியாக இருப்பது முதலில். கெட்டியானது மெதுவாகப் போவதால் தொண்டைக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது என்று நான் புரிந்துகொண்டேன். ரொகையா மிஸ்ஸி கற்றுக்கொண்டது என்னை வைத்துத்தான். அவர் தவறு செய்தால் சிஸ்டர் அவரைத் திருத்துவார், நான் தவறு செய்தால் இருவரும் என்னைத் திருத்துவார்கள்.

அவர் பயிற்சி முடிந்ததும் என்னையும் அவரோடு ஒரே ஆம்புலன்சில் எங்கள் மாவட்ட ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்குக் கிட்டே இருந்துகொண்டே பயிற்சியைத் தொடரலாம் என்பதுதான் புது ஏற்பாடு. டாக்டர் லிம் வாசலிலேயே நின்று, "வாங்க, எங்க வாத்தியார் வந்துட்டாரு" என்றார்.

ஞானம் சவ்வரிசியைக் கஞ்சி போலக் கெட்டியாகக் காய்ச்சி வருவாள். ரொகையா மிஸ்ஸி தொண்டையில் விரல் வைத்து, அரை ஸ்பூன் கொடுத்து, "ஆ சொல்லுங்க பாக்சிக்" என்பார். பாக்சிக் என்றால் மலாயில் மாமா. பல நாள் குரல் நனைந்துதான் வந்தது. அவர் முகத்தில் ஒன்றும் காட்டாமல் கிண்ணத்தை எடுத்துப் போய்விடுவார். அக்கா கதவருகே நின்று அந்த "ஆ" எப்படி வருகிறது என்று கேட்பார். கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார். ஆஸ்பத்திரியில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது அந்த முதுகைப் பார்ப்பதுதான்.

ஒருநாள் சவ்வரிசி இறங்கி, குரல் காய்ந்து வந்தது. மறுநாளும் வந்தது. ஆனால் அப்பம் வேறு சங்கதி. நன்மைக்குக் கொடுக்கும் அப்பம் காகிதம் போல மெல்லியது, காய்ந்தது, அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ரொகையா மிஸ்ஸி டெலிபோனில் சிஸ்டரைக் கேட்க, சிஸ்டர் ஃபாதரிடம் சொல்லி மந்திரிக்காத அப்பத் துண்டுகள் சில அனுப்பி வைத்தார்.

அக்கா கதவருகிலிருந்தே கேட்டார், "அப்பத்துல பயிற்சியா? அடுக்குமா?"

"மந்திரிக்காதது அண்ணி, வெறும் மாவு" என்றாள் ஞானம்.

 எது சாமி பொருள், எது வெறும் பொருள் என்று இனிமேல் தான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை என்பதைப் போல இருந்தது அக்காவின் முகம்.

துண்டை அப்படியே வைத்தபோது அண்ணத்தில் ஒட்டியது. நாக்கால் எடுக்க வரவில்லை. மிஸ்ஸி விரலால் எடுத்தார். அடுத்த தடவை சவ்வரிசித் தண்ணீரில் நனைத்து வைத்தார். இடது கன்னத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. அது அங்கே இருப்பது எனக்குத் தெரியவே இல்லை. சிறியதாக, இன்னும் சிறியதாகக் கிள்ளினார். அந்த முறை இறங்கியது. ஒருமுறை இறங்கியது, ஒருமுறை இறங்கவில்லை. அப்படித்தான் இருந்தது, ஃபாதர் வரும் ஞாயிற்றுக்கிழமை வரை.

ஃபாதர் தோட்டத்தில் பூசை முடித்துவிட்டு வந்தார். டாக்டர் லிம், "மிஸ்ஸி பக்கத்தில் இருந்தால் சரி" என்று சொல்லியிருந்தார். என்னை நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். ஃபாதர் குனிந்து மெல்லச் சொன்னார், "சவரி, முடியலேன்னா பரவாயில்ல. மனசால வாங்கினாலே ஞான நன்மைதான். கடவுளுக்குத் தொண்ட வேணும்னு இல்ல."

எனக்கு அது தெரியும். நானே ஞாயிற்றுக்கிழமைகளில் சனங்களுக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் கதவருகில் நிற்பவருக்கு அது போதாது. நான் தலையை அசைத்து வாயைக் காட்டினேன்.

ஃபாதர் பாத்திரத்தைத் திறந்து ஓர் அப்பத்தை எடுத்தார். நகம் அளவு கிள்ளினார். "கிறிஸ்துவின் உடல்." நான் ஆமென் சொன்னேன், அது ஏதோ ஒரு சத்தமாக வந்தது. துண்டை நனைத்து நாக்கின் வலது பக்கம் வைத்தார். ரொகையா மிஸ்ஸி முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு கிட்டே வந்து என் தொண்டையில் இரண்டு விரல் வைத்தார். தாடையை இறக்கினேன். தலையைத் திருப்பினேன். ஒருமுறை விழுங்கினேன். இன்னொரு முறை.

மீதி அப்பம் ஃபாதர் கையில் இருந்தது. அவர் கதவுப் பக்கம் திரும்பி, "அந்தோணியம்மா, வாங்க" என்றார். அக்கா வந்தார், அவ்வளவு நாளுக்குப் பிறகு படுக்கை அருகே வந்தார். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

"சாமி, கொஞ்சம் பொறுங்க" என்றார். "மிஸ்ஸி இன்னும் சொல்லலயே."

ஃபாதர் அப்பத்தைப் பிடித்தபடி நின்றார். ரொகையா மிஸ்ஸி என் வாயைத் திறந்து கன்னத்துக்குள் பார்த்தார், நாக்கின் அடியில் பார்த்தார். "ஆ சொல்லுங்க பாக்சிக்."

சொன்னேன்.

மிஸ்ஸி இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இன்னொரு தடவையும் சொன்னேன். அவர் விரலை எடுத்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"எறங்கிருச்சு, அக்கா" என்றார்.

அக்கா முழங்கால் போட்டு வாயைத் திறந்தார்.